திரையில் சிவப்பு விழுந்தால்: சாயக்கழிவுநீர், அபாயகரக் கழிவு மென்பொருளின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சாயப்பட்டறை நடத்தும் ஒரு குழுமத்தின் ஐந்து யூனிட்டுகளுக்கு ஒரே மென்பொருள். இ.டி.பி. என்னும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மீட்டர்கள் காட்டும் அளவு, சுத்திகரிப்பில் மிஞ்சும் கசடின் கிடங்கு இருப்பு, கழிவு லாரியோடு போகும் மானிஃபெஸ்ட் படிவம், உரிமங்களின் காலாவதித் தேதி எல்லாம் ஒரே திரையில் தெரியும். அதில் சிவப்பு விழுந்ததும் எனக்குப் போன் வரும். "சாஃப்ட்வேர் மறுபடியும் கெட்டுப்போச்சு சார்" என்பார்கள். போய்ப் பார்த்தால் உருகிப்போன ஃப்யூஸ், ரீசார்ஜ் முடிந்த சிம், உப்புப் படிந்த எலெக்ட்ரோடு, இல்லாவிட்டால் கிலோ கேட்ட இடத்தில் டன் அடித்த விரல். சாஃப்ட்வேரே கெட்ட நாட்கள் மிகக் குறைவு.

அதே கோளாறுகள் திரும்பத் திரும்ப வருவதால் ஷிப்ட் ஆட்களுக்கு எழுதிக்கொடுத்த குறிப்புகளின் விரிவு இது. திருப்பூர், ஈரோடு, பெருந்துறை பக்கத்துச் சாயப்பட்டறைகளை மனதில் வைத்து எழுதினாலும் தோல் தொழிற்சாலைக்கும் முலாம் பட்டறைக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## எதைத் தொடுவதற்கும் முன்னால்: மூன்று எண்கள்

எண் பிறக்கும் இடம் மீட்டரின் முகம். அங்கிருந்து, எண்களைச் சேமித்து அனுப்பும் டேட்டா லாகர் பெட்டிக்குப் போகிறது, லாகரிலிருந்து சர்வருக்கு. எந்தக் கோளாறானாலும் முதல் வேலை ஒன்றுதான்: ஒரே நிமிடத்தில் மீட்டரில் என்ன, லாகரில் என்ன, திரையில் என்ன என்று மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஒருவர் மீட்டர் பக்கம், ஒருவர் கம்ப்யூட்டர் பக்கம், நடுவில் போன். ஐந்து நிமிட வேலை.

- மீட்டரிலேயே தப்பு என்றால் சென்சார் அல்லது தண்ணீர்.
- மீட்டர் சரி, லாகர் தப்பு என்றால் வயர் அல்லது ஸ்கேல் (லாகரில் போட்டுவைத்த அளவு வரம்பு).
- லாகர் சரி, திரை தப்பு என்றால் சிம், கடிகாரம் அல்லது அடையாள எண்.

இதை எழுதாமல் சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிட்டால், அவர் வந்து முதலில் இதைத்தான் எழுதுவார். விசிட் சார்ஜ் தனி.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், பி.எச். மீட்டரைச் சோதிக்க 4, 7 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசல்கள், மீட்டரையும் லாகரையும் இணைக்கும் ஆர்.எஸ்.485 வயரை யூ.எஸ்.பி.யாக மாற்றும் கன்வெர்ட்டர், ஒரு சி.ஆர்.2032 காசு பேட்டரி, மூலையில் தூங்கும் பழைய லேப்டாப்.

இன்னொன்று. எண் தப்பாக இருக்கிறதே என்று மென்பொருளுக்குள் போய் எண்ணைத் திருத்தாதீர்கள். "மேல் எல்லை இவ்வளவுதான், அதைத் தாண்டினால் காட்டாதே" என்று கட்டுப்போடும் வசதி சில லாகர்களில் இருக்கும். அதையும் தொடாதீர்கள். கருவி பழுதானதாக எழுத்தில் சொன்னால் அது பழுது. எண்ணை மாற்றி அனுப்பியது பின்னால் தெரிந்தால் அதற்கு வேறு பெயர்.

## அறிகுறி 1: திரை சாம்பல் நிறம், டேட்டா வரவில்லை

### எல்லா யூனிட்டும் ஒரே நேரத்தில் நின்றால்

களத்தில் தேட வேண்டாம். ஐந்து ஊர்களில் ஐந்து லாகர்கள் ஒரே நிமிடத்தில் சாகாது. முதலில் ஆபீஸ் இன்டர்நெட்டை விட்டுவிட்டு உங்கள் செல்போன் டேட்டாவில் திரையைத் திறந்து பாருங்கள். திறந்தால் ஆபீஸ் நெட்தான் கோளாறு. அப்போதும் திறக்காவிட்டால் சர்வரின் ஹார்ட் டிஸ்க் நிரம்பியிருக்கும், அல்லது பாதுகாப்புச் சான்றிதழோ ஆண்டுச் சந்தாவோ காலாவதியாகியிருக்கும். மென்பொருள் கம்பெனியைக் கூப்பிட வேண்டிய இடம் இது. கூப்பிடும்போதே "லாகரில் எத்தனை நாள் டேட்டா தங்கும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்களுக்குள் சர்வர் எழுந்தால் விட்டுப்போனது தானாக வந்து சேரும்.

### ஒரு யூனிட் மட்டும் நின்றால்

மின்சாரம். லாகர் பெட்டிக்குள் விளக்கு எரிகிறதா? வெல்டிங் வேலைக்கு வந்தவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனது, யூ.பி.எஸ். பேட்டரி செத்தது, ஃப்யூஸ் போனது. ஒரு யூனிட்டில் இரவு ஷிப்ட்காரர் போன் சார்ஜ் போட லாகர் பிளக்கைக் கழற்றிவந்தார். மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் "ராத்திரி 2 மணிக்குப் போகும், 5 மணிக்கு வரும்" என்ற ஒழுங்கு கண்ணில் பட்டது. அப்புறம் பக்கத்திலேயே தனி சாக்கெட் வைத்துக்கொடுத்தோம். பிரச்சினை தீர்ந்தது.

சிம். மோடத்தில் நெட்வொர்க் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறதா என்று பாருங்கள். லாகரில் இருப்பது பெரும்பாலும் 13 இலக்க எண் கொண்ட இயந்திரச் சிம். அதைக் கழற்றி உங்கள் போனில் போட்டுச் சோதிப்பது எப்போதும் பலிக்காது, சில சிம்கள் அந்த மோடத்துடனேயே பூட்டப்பட்டிருக்கும். ரீசார்ஜ் தேதியை மென்பொருளின் உரிமப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். தொழிலை நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணைக்கு நினைவூட்டல் வைப்பவர்கள் சிம்முக்கு வைப்பதில்லை, ஆனால் முதலில் காலாவதியாவது அதுதான்.

ஆன்டெனா. பெட்டிக்குப் பெயின்ட் அடித்த பிறகு ஆன்டெனாவை உள்ளேயே விட்டு மூடிவிடுவார்கள். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் ஏது?

கடிகாரம். இது பலருக்குத் தோன்றுவதில்லை. லாகர் டேட்டாவை அனுப்பிக்கொண்டுதான் இருக்கும், சர்வரும் வாங்கிக்கொண்டுதான் இருக்கும், திரையில் மட்டும் இருக்காது. லாகரின் தேதியைப் பாருங்கள். 1970 அல்லது 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 என்று காட்டினால் உள்ளே இருக்கும் காசு பேட்டரி செத்துவிட்டது. சரியாக 5 மணி 30 நிமிடம் பின்தங்கியிருந்தால் யாரோ லாகரை மீட்டமைத்து, அது கிரீன்விச் நேரத்துக்குப் போய்விட்டது. இரண்டுமே சில்லறைச் செலவு. ஆனால் கண்டுபிடிக்கும் வரை மோடத்தை மாற்றி, சிம்மை மாற்றி, ஆயிரக்கணக்கில் கழன்றுவிடும்.

லாகரே. மேலே உள்ளவை எல்லாம் சரியாக இருந்து, லேப்டாப்பை நேரடியாகச் செருகினாலும் லாகர் பதில் சொல்லாவிட்டால் அப்போது கூப்பிடுங்கள். இடி மின்னலுக்குப் பிறகு என்றால் அதையும் சொல்லுங்கள். மாற்று லாகர் கொண்டுவருவார்.

### நம் திரையில் தெரிகிறது, வாரியத்தின் திரையில் தெரியவில்லை

இது மற்ற இரண்டையும் விட அவசரம். நமக்கு எல்லாம் பச்சையாகத் தெரிவதால் யாரும் கவனிக்காமல் நாட்கள் ஓடிவிடும். கிண்டியில் இருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு மையத்திலிருந்து கடிதம் வரும்போதுதான் தெரியும்.

முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள்: கடந்த சில நாட்களில் எதையாவது மாற்றினீர்களா? புது லாகர் வைத்து அதன் அடையாளச் சாவியைப் பதிவு செய்ய மறந்திருக்கலாம். மென்பொருளில் சி.ஓ.டி. (நீரின் கழிவுச் சுமையைக் காட்டும் ஓர் அளவு) என்ற பெயரை யாரோ அழகாக மாற்றி எழுதியிருக்கலாம், பெயர் ஒரு எழுத்து மாறினாலும் அந்தப் பக்கம் ஏற்காது. சர்வரை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால் புதிய முகவரிக்கு அங்கே அனுமதி இருக்காது. மென்பொருளில் "அனுப்பியவை" பதிவேடு ஒன்று இருக்கும். அதில் ஒவ்வொரு 15 நிமிடச் சராசரிக்கும் எதிர்ப்பக்கம் என்ன பதில் சொன்னது என்று எழுதியிருக்கும். அந்தப் பதிலைப் படமெடுத்து மென்பொருள் கம்பெனிக்கு அனுப்புங்கள். அதில்லாமல் "போகலை" என்று மட்டும் சொன்னால் அவர்களும் "இங்கே போகுதே" என்பார்கள்.

பழுது சரியாகும் வரை காத்திருக்காமல் அன்றே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: எப்போது நின்றது, என்ன காரணம் என்று தெரிகிறது, எப்போது சரியாகும். மூன்று வரி போதும்.

## அறிகுறி 2: எண் அசையவே இல்லை

பி.எச். 7.21. ஒரு மணி நேரம் கழித்தும் 7.21. மறுநாளும் 7.21. கழிவுநீர் அப்படி இருக்காது. பார்ப்பவர் சந்தேகப்படுவது நியாயம்தான்.

முதல் சோதனை: மீட்டரின் முகத்தில் "ஹோல்ட்" என்று எழுதியிருக்கிறதா? சுத்தம் செய்யும்போது ஹோல்டில் போட்டுவிட்டு எடுக்க மறப்பது அன்றாடம் நடப்பது. இரண்டாவது: சென்சாருக்கு மாதிரி நீர் கொண்டுவரும் சின்ன பம்ப் ஓடுகிறதா? நின்றிருந்தால் சென்சார் தேங்கிய தண்ணீரை அளந்துகொண்டிருக்கும். மூன்றாவது: சென்சாரின் மூக்கில் அதன் ரப்பர் மூடி அப்படியே இருக்கிறதா? சிரிக்க வேண்டாம், நான் பார்த்திருக்கிறேன்.

மீட்டரில் எண் ஆடுகிறது, லாகரில் மட்டும் ஆடவில்லை என்றால் வயர் அறுந்திருக்கும். "தொடர்பு போனால் கடைசி எண்ணையே காட்டு" என்று லாகரில் அமைத்திருப்பார்கள். அந்த அமைப்பை எடுத்துவிட்டுத் தொடர்பு போனால் பிழை என்றே காட்டும்படி வையுங்கள். திரை அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் பழுது அன்றே தெரியும்.

மாதிரி நீர் ஓடுகிறது, ஹோல்டும் இல்லை, ஆனாலும் அசையவில்லை என்றால் பி.எச். எலெக்ட்ரோடைக் கழற்றி 4 பஃபரில் விடுங்கள். ஒரு நிமிடத்தில் 4-க்கு அருகே வராமல் 7 பக்கமே நின்றால் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். இனி அதைக் காப்பாற்ற முடியாது. புதிது வாங்குங்கள். சர்வீஸுக்கு அனுப்புவது வீண்.

## அறிகுறி 3: நடக்க முடியாத எண்

இந்த வகைக் கோளாறு எனக்குப் பிடிக்கும். எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

பி.எச். −3.5. மீட்டர் தன் எண்ணை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக லாகருக்கு அனுப்பும் சுற்றில் 4 என்றால் பி.எச். 0, 20 என்றால் 14. மின்னோட்டமே இல்லாமல் போனால் கணக்கு −3.5-இல் வந்து நிற்கும். அதாவது வயர் அறுந்தது, அல்லது டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்தது. இதே காரணத்தால் 0 முதல் 100 வரை ஸ்கேல் வைத்த ஃப்ளோ மீட்டர் −25 காட்டும். ஸ்க்ரூடிரைவர் போதும்.

பி.எச். 15.75, அல்லது −0.35. வயர் நன்றாக இருக்கிறது. மீட்டரே "எனக்கு உடம்பு சரியில்லை" என்று 22 அல்லது 3.6 மில்லி ஆம்பியரை அனுப்புகிறது. மீட்டரின் முகத்தில் பிழை எண் இருக்கும், கையேட்டில் பாருங்கள்.

ஓட்டம் சரியாக இரண்டு மடங்கு. மீட்டரில் 25, திரையில் 50. மீட்டரின் முழு ஸ்கேல் மணிக்கு 50 கன மீட்டர், லாகரில் யாரோ 100 என்று போட்டிருக்கிறார்கள். மீட்டரை மாற்றிய வாரத்தில் அடிக்கடி வரும். ஸ்கேலை லாகரில் திருத்துங்கள். திருத்திய தேதி, நேரம், திருத்தியவர் பெயர் நோட்டில் இருக்கட்டும். பழைய நாட்களின் எண்களைத் தொடாமல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இரட்டிப்பாகப் பதிவானது என்று தனியாக ஒரு குறிப்பு எழுதிவையுங்கள்.

16840, அல்லது எப்போதும் 0.00. மோட்பஸ் என்னும் டிஜிட்டல் தொடர்பு முறையில் எண்ணை அனுப்பும் மீட்டர்களில் இது நடக்கும். மீட்டர் ஒரு எண்ணை இரண்டு பாதிகளாக அனுப்புகிறது. மீட்டரில் 25.0 என்று இருக்கும்போது லாகர் முதல் பாதியை மட்டும் முழு எண்ணாகப் படித்தால் 16840 வரும். இரண்டு பாதிகளையும் முன்பின்னாக ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத சிறு எண்ணாகி 0.00 என்று காட்டும். லாகர் அமைப்பில் "பாதிகளின் வரிசை" என்று ஒரு தேர்வு உண்டு, மாற்றிப் பாருங்கள். பக்கத்து மீட்டரின் எண்ணோ சம்பந்தமில்லாத எண்ணோ வந்தால் பதிவேட்டு எண் ஒன்று தள்ளியிருக்கும். கையேட்டில் 40001 என்று போட்டிருப்பதைச் சில லாகர்கள் 0 என்று எண்ணத் தொடங்கும்.

65535. மீட்டரிலிருந்து எண் வரவில்லை என்பதைச் சில லாகர்கள் சொல்லும் வழி. ஆர்.எஸ்.485-இன் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கிறதா, கடைசி மீட்டரில் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா, இரண்டு மீட்டர்களுக்கு ஒரே முகவரி வைத்திருக்கிறார்களா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

விட்டுவிட்டுத் துள்ளும் எண். பெரிய மோட்டார் ஓடும்போது மட்டும் துள்ளினால் சிக்னல் வயர் மின்வயரோடு ஒரே பைப்பில் போகிறது. பிரித்துப் போடுங்கள், வயரின் உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். பிறகும் துள்ளினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மென்பொருள் ஆளால் இதில் ஒன்றும் செய்ய முடியாது.

## அறிகுறி 4: லேப் ரிப்போர்ட் ஒன்று சொல்கிறது, திரை ஒன்று சொல்கிறது

### பி.எச். ஒத்துப்போகவில்லை

சுத்தம் செய்யாததே முதல் காரணம். சோடா ஆஷ் புழங்கும் இடத்தில் எலெக்ட்ரோடில் வெள்ளைப் படிவு ஏறும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசி, 7 பஃபரிலும் பிறகு 4 பஃபரிலும் கேலிபரேட் செய்யுங்கள், அதாவது மீட்டரின் எண்ணைப் பஃபரின் எண்ணோடு ஒத்துப்போக வையுங்கள். மீட்டர் "ஸ்லோப்" என்று ஒரு சதவீதம் சொல்லும். 85-க்குக் கீழே போனால் எலெக்ட்ரோடுக்கு வயசாகிவிட்டது. கழற்றிவைக்கும்போது டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைக்காதீர்கள், அதுதான் அதைச் சீக்கிரம் கொல்லும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள்.

### சி.ஓ.டி., பி.ஓ.டி. ஒத்துப்போகவில்லை

சற்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். லேப்பில் சி.ஓ.டி. என்பது பொட்டாசியம் டைகுரோமேட்டோடு இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்துப் பார்ப்பது. பி.ஓ.டி. என்பது நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பது. உங்கள் தொட்டியில் தொங்கும் சென்சார் அப்படியா செய்கிறது? புற ஊதா ஒளியை உள்ளே விட்டு எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து, உங்கள் தண்ணீருக்கென்று முன்பே போட்டுவைத்த ஒரு கணக்கின்படி சொல்கிறது. தண்ணீர் மாறினால் கணக்கும் மாற வேண்டும். சாயம் மாறும் பட்டறையில், அடர் நிறச் சாயம் ஓடும் வாரத்தில் எண் ஏறுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சோதிக்கும் வரிசை:

முதலில் சென்சாரின் கண்ணாடி ஜன்னலைத் துடையுங்கள். துடைத்ததும் எண் சட்டென்று இறங்கினால் அழுக்குதான். துடைக்கும் பிரஷ் அல்லது காற்று ஊதும் குழாய் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து மாதிரி எடுத்த நேரம். லேப்காரர் காலை 11 மணிக்கு எடுத்ததை நீங்கள் அன்றைய நாள் சராசரியோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். 11 மணியின் 15 நிமிடச் சராசரியை எடுத்து வையுங்கள். பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும். மாதிரி எடுத்த இடமும் அதேதானா என்று கேளுங்கள். தொட்டியின் மேலே எடுத்தால் ஒன்று, அடியில் எடுத்தால் ஒன்று.

அதன் பிறகும் வித்தியாசம் ஒரே பக்கமாக, பல நாட்களாக இருந்தால் கணக்கை மறுபடி போட வேண்டும். பல வேறு செறிவுகளில் மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற லேப்பில் கொடுத்து, சென்சார் கம்பெனியின் ஆள் வந்து செய்யும் வேலை அது. நீங்களே மென்பொருளில் "0.8-ஆல் பெருக்கு" என்று போட்டுவிடாதீர்கள். யாராவது ஒருநாள் ஏன் 0.8 என்று கேட்பார்கள்.

## அறிகுறி 5: தண்ணீர்க் கணக்கு ஒட்டவில்லை

திருப்பூரில் இந்தக் கணக்கைப் போல வேறெந்தக் கணக்கும் உற்றுப் பார்க்கப்படுவதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்ன காலத்தை நினைவிருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெளியே ஒரு சொட்டும் விடக்கூடாது என்றால் உள்ளே வந்த நீரும், ஆர்.ஓ. வடிகட்டியில் சுத்தமாகித் திரும்பிய நீரும், ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்குப் போன கழிவும் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். 500 கிலோலிட்டர் வந்து 425 திரும்பினால் 75-க்குக் கணக்கு எங்கே என்று திரை கேட்கும்.

ஒரு நாள் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சேகரிப்புத் தொட்டியில் ஒரு நாள் நீர் தங்கும். இன்று வந்தது நாளைதான் ஓடும். ஞாயிறு லீவில் வரவு இல்லாமல் செலவு மட்டும் தெரியும். ஏழு நாள் கூட்டலையும் வாரத்தின் தொடக்க, முடிவுத் தொட்டி மட்டத்தையும் பாருங்கள். அதுவும் ஒட்டாவிட்டால் தொடர்ந்து படியுங்கள்.

திடீரென்று ஒரு நாள் பெரிய கழித்தல் எண். மீட்டரின் மொத்த எண்ணி 99999999-ஐத் தாண்டி 0-க்குத் திரும்பியிருக்கும், அல்லது மீட்டரை மாற்றியிருப்பீர்கள். மென்பொருளில் "புது மீட்டர், தொடக்க எண் இவ்வளவு" என்று பதிவுசெய்ய இடமிருக்கும்.

ஒரே பக்கமாகக் கூடுதல். மின்காந்த ஃப்ளோ மீட்டருக்குப் பைப் நிறைந்து ஓட வேண்டும். பாதி நிறைந்து ஓடினாலும் அது நிறைந்ததாகவே நினைத்துக் கூடுதலாகச் சொல்லும். தொட்டியில் விழும் கடைசிப் பைப்பில், இறக்கத்தில், மீட்டரை மாட்டியிருந்தால் இதுதான் நடக்கும். தண்ணீர் கீழிருந்து மேலேறும் பகுதிக்கு மீட்டரை மாற்றினால் சரியாகும். பிளம்பர் வேலை, ஒரு நாள் ஷட்டவுன். வளைவுக்கும் வால்வுக்கும் ஒட்டி மாட்டியிருந்தாலும் எண் தள்ளாடும். முன்னால் பைப் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு, பின்னால் இரண்டு மடங்கு நேரான பைப் இருக்கிறதா என்று டேப்பால் அளந்து பாருங்கள்.

மெல்ல மெல்லக் குறைவு. உட்புறம் படிவு. கழற்றி சுத்தம் செய்து, ஆண்டுக்கொருமுறை கேலிபரேஷன் சான்றிதழ் வாங்குங்கள்.

எளிய ஒரு சோதனை உண்டு, நான் முதலில் செய்வது அதுதான்: மீட்டருக்குப் பிறகு இருக்கும் தொட்டியின் நீள அகலத்தை அளந்து, அரை மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அந்த நேரம் தொட்டியிலிருந்து எடுக்கும் பம்பை நிறுத்திவையுங்கள். டேப்பும் கடிகாரமும் சொல்வதும் மீட்டர் சொல்வதும் அருகருகே வந்தால் மீட்டரைக் குறை சொல்ல முடியாது.

மீட்டர்கள் எல்லாம் சரி, ஏழு நாள் கணக்கும் சரியாகப் போட்டாயிற்று, அப்போதும் நீர் காணாமல் போகிறது என்றால் அது கோளாறு இல்லை. தண்ணீர் நிஜமாகவே எங்கோ போகிறது: தொட்டியில் கசிவு, மறந்துபோன பழைய பைப், இல்லாவிட்டால் யாருடைய கையோ திறந்துவிட்ட வால்வு. என்னை விட்டுவிட்டு முதலாளியைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 6: கசடு போய்விட்டது, 90 நாள் எச்சரிக்கை போகவில்லை

அபாயகரக் கழிவை வளாகத்தில் 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2016-ஆம் ஆண்டு விதி. ஆண்டுக்கு 10 டன் வரை உண்டாக்கும் சிறு யூனிட் போன்ற சிலவற்றுக்கு வாரியம் நீட்டிக்கலாம். மென்பொருள் ஒவ்வொரு மூட்டைக்கும் நாளை எண்ணும். லாரி போன பிறகும் சிவப்பு நீடிக்கிறது என்ற புகார்தான் கழிவுப் பக்கத்தில் எனக்கு அதிகம் வருவது. இங்கேயும் மூன்று எண்கள்தான்: கிடங்கில் இருக்கும் மூட்டை, கழிவின் வரவு செலவை எழுதும் படிவம் 3 பதிவேட்டின் இருப்பு, மானிஃபெஸ்டில் எழுதிய எடை. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கிலோ, டன். 2.4 டன் என்பதை 2.4 கிலோ என்று பதிந்திருந்தால் 2397.6 கிலோ கிடங்கிலேயே இருப்பதாகத் திரை நினைக்கும். முதலில் இதைப் பாருங்கள்.

எந்த மூட்டையிலிருந்து கழித்தது? லாரியில் ஏற்றியது பழைய மூட்டை. மென்பொருள் கழித்தது புது மூட்டையிலிருந்து. மொத்த இருப்பு சரியாக இருக்கும், ஆனால் பழைய தேதி மட்டும் உயிரோடிருந்து சிவப்புக் காட்டும். அமைப்பில் "முதலில் வந்தது முதலில் போகட்டும்" என்று மாற்றுங்கள். கிடங்கிலும் அப்படியே செய்யுங்கள். கிடங்கில் பழையது சுவரோரம் மாட்டிக்கொண்டு புதியது வாசலில் நின்றால் மென்பொருளைத் திருத்தி என்ன பயன்?

காய்ந்த கசடு. இதைக் கண்டுபிடிக்க எனக்கே நாளானது. கசடைப் பிழியும் ஃபில்டர் பிரஸ்ஸிலிருந்து விழும் ஈரக் கசடை 1000 கிலோ என்று வரவு வைக்கிறார்கள். அதில் திடப்பொருள் 300 கிலோ, மீதி தண்ணீர். உலர் களத்தில் காய்ந்து திடப்பொருள் 60 சதவீதம் ஆகும்போது மொத்த எடை 500 கிலோதான். 500 கிலோ மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். மூட்டை எல்லாம் போய்விட்டது, கிடங்கு காலி, திரையில் 500 கிலோ பேய். மாதாமாதம் அந்தப் பேய் வளரும். வரவு வைக்கும் இடத்தை மாற்றுவதுதான் தீர்வு: காய்ந்து, மூட்டை கட்டி, எடை போட்டு, லேபிள் ஒட்டிய பிறகு வரவு. ஏற்கெனவே சேர்ந்த பேயை ஓசையில்லாமல் அழிக்காதீர்கள். ஈரப்பத லேப் ரிப்போர்ட்டை இணைத்து, காரணம் எழுதி, பொறுப்பாளர் கையெழுத்தோடு திருத்தப் பதிவு போடுங்கள். தொகை பெரிதாக இருந்தால் போடுவதற்கு முன் உங்கள் சுற்றுச்சூழல் ஆலோசகரிடம் காட்டிவிடுங்கள்.

நீலப் பிரதி வரவில்லை. மானிஃபெஸ்ட் என்னும் படிவம் 10-க்கு ஏழு நிறத்தில் ஏழு பிரதிகள். மஞ்சள் நம்மிடம் இருப்பது. நீலம் பெற்றுக்கொண்டவர் நமக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது. சில மென்பொருள்கள் நீலம் பதிவாகும் வரை சரக்கை "வழியில்" என்றே வைத்து நாளை எண்ணிக்கொண்டிருக்கும். அது தப்பில்லை, நல்ல பழக்கம்தான். கழிவு வாங்கிய நிலையத்துக்குப் போன் போட்டு வாங்கிப் பதியுங்கள். பல நாள் கேட்டும் வராவிட்டால் அது அலுப்பான காகித வேலை என்று விட்டுவிடாதீர்கள். லாரி அங்கே போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி அதில் இருக்கிறது. எடைமேடைச் சீட்டைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வாரியத்துக்கு எழுதுங்கள்.

## அறிகுறி 7: மானிஃபெஸ்ட் போட முடியவில்லை

லாரி வாசலில் நிற்கும்போதுதான் இது வரும். நான்கு காரணங்கள், பார்க்க வேண்டிய வரிசையில்.

வண்டி எண் தப்பு, அல்லது அந்த வண்டி பதிவில் இல்லை. வேறு வண்டி அனுப்பச் சொல்லுங்கள்.

வகை எண் பொருந்தவில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் ரசாயனக் கசடு இப்போதைய அட்டவணையில் 35.3. 2008-ஆம் ஆண்டு விதிகளில் அது 34.3. பழைய எக்ஸெல் கோப்பிலிருந்து மென்பொருளுக்கு மாற்றிய யூனிட்டுகளில் 34.3 இன்னும் எங்காவது ஒளிந்திருக்கும். பட்டியலில் தேடி எடுத்துவிடுங்கள். பயன்படுத்திய ஆயில் 5.1, ரசாயனம் பட்ட காலி டிரம் 33.1. அபாயகரக் கழிவைக் கையாள வாரியம் உங்களுக்குத் தந்த அங்கீகார ஆணையில் எது எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே எழுத்து மாறாமல் இருக்கட்டும்.

அங்கீகாரத்தில் கொடுத்த ஆண்டு அளவு முடிந்துவிட்டது. மேலே சொன்ன கிலோ-டன் குழப்பத்தால் போலியாக முடிந்திருக்கலாம். நிஜமாகவே முடிந்திருந்தால் அளவை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டும்.

அங்கீகாரமே காலாவதி. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆலோசகரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 8: படிவம் 4-இன் கூட்டல் தவறுகிறது

படிவம் 4 என்பது அபாயகரக் கழிவுக்கு ஜூன் 30-க்குள் போட வேண்டிய ஆண்டறிக்கை. கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. மென்பொருளின் அறிக்கை ஜனவரி முதல் டிசம்பர் வரை எடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, மார்ச் கடைசியில் கிளம்பி ஏப்ரலில் சேர்ந்த லாரி: நம் கணக்கில் ஒரு ஆண்டு, வாங்கியவர் கணக்கில் அடுத்த ஆண்டு. தொடக்க இருப்பு, சென்ற ஆண்டு அறிக்கையின் முடிவு இருப்பே என்று உறுதிசெய்யுங்கள். முக்கால்வாசி இதில் தீரும்.

## அறிகுறி 9: எச்சரிக்கை போகிறது, யாருக்கும் வரவில்லை

எஸ்.எம்.எஸ். பட்டியலைத் திறந்து பாருங்கள். போன வருஷம் வேலையை விட்டுப் போனவரின் எண்ணுக்கு ராத்திரி 3 மணிக்கு பி.எச். எச்சரிக்கை போய்க்கொண்டிருக்கும். அவரும் பாவம், பிளாக் செய்திருப்பார்.

இன்னொரு வகை: எச்சரிக்கை நாளைக்கு நாற்பது வந்து யாரும் பார்க்காமல் போவது. உள் எச்சரிக்கையின் அளவை இசைவாணையில் உள்ள எல்லைக்குச் சற்று உள்ளே வையுங்கள். பி.எச். 5.5 முதல் 9 வரை என்றால் 6-லும் 8.5-லும் முதல் மணி அடிக்கட்டும். ஒரே ஒரு துள்ளலுக்கு அடிக்காமல் 15 நிமிடச் சராசரிக்கு அடிக்கட்டும்.

மாதம் ஒருமுறை எச்சரிக்கையைச் சோதிக்கலாம். பி.எச். எலெக்ட்ரோடை எடுத்து 4 பஃபரில் விட்டால் சராசரி எல்லைக்குக் கீழே இறங்கியதும் போன் அடிக்க வேண்டும். ஆனால் அந்த 4 வாரியத்தின் திரைக்கும் போய்விடும். அதனால் சோதனைக்கும் கேலிபரேஷனுக்கும் முன்னால் லாகரில் "பராமரிப்பு" குறியைப் போட்டு, மாவட்ட அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். முடிந்ததும் குறியை எடுக்க வேண்டும். எடுத்தவர் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலை அறிகுறி 2-க்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.